தங்கம் தீர்ந்த ஊரில் என்ன மிச்சம்?

'எங்கள் ஊர் நல்லவாடு. பக்கத்திலேயே பாகூர். பாகூர் மண்ணுக்கு அடியில் பழுப்பு நிலக்கரி இருக்கிறது என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வருகிறோம். சுரங்கம் வந்தால் ஊர் என்ன ஆகும் என்பதற்கு நெய்வேலியைப் பார்த்துக்கொள்ளலாம். ஆனால், சுரங்கம் தோண்டி முடித்து, மூடிவிட்டுப் போன ஊர் என்ன ஆகும்? அங்கே இருக்கிற ஜனங்களுக்கு என்ன மிச்சம்?'

கேள்வி-பதில் பகுதிக்கு வாசகர் ஒருவர் எழுதிய கடிதம் இது. நாலு வரியில் பதில் எழுதிவிடலாம்தான். ஆனால், அப்படி ஓர் ஊரை நேரில் பார்த்துவிட்டு எழுதுவதே முறை என்று தோன்றியது. தமிழ் பேசும் ஜனங்கள் நூறு வருஷத்துக்கு மேல் வெட்டி, பிறகு மூடப்பட்ட சுரங்கம் என்றால் அது கோலார் தங்கவயல்தான். கர்நாடகத்தில் இருக்கிறது. ஆனால், தெருவில் காது கொடுத்தால் கேட்பது பெரும்பாலும் வட ஆற்காட்டுத் தமிழ்.

பாலாற்றை ஒட்டி ஒரு பயணம்

விழுப்புரத்தில் ரயில் பிடித்தால் திருக்கோவிலூர், திருவண்ணாமலை, வேலூர் வழியாகக் காட்பாடி. அங்கிருந்து பெங்களூர் போகும் வண்டியில் ஏறினால் குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி, ஜோலார்பேட்டை. வழிநெடுக ஜன்னலோரம் பாலாறு கூடவே வருகிறது. பெரும்பாலும் மணலாக, அங்கங்கே சீமைக்கருவேலமாக. ஜோலார்பேட்டை தாண்டி மலை ஏறி, குப்பம் கடந்து பங்காருப்பேட்டை. அங்கே இறங்கி மாரிக்குப்பம் போகும் வண்டிக்கு மாற வேண்டும். மொத்தம் 16 கிலோமீட்டர்தான். கோரமண்டல், உரிகம், சாம்பியன், மாரிக்குப்பம் என்று வரிசையாக ஸ்டேஷன்கள். இந்தக் கிளைப்பாதை போடப்பட்டதே சுரங்கத்துக்காகத்தான்.

நான் போனது சாயங்கால வண்டி. எள் போட இடமில்லை. எல்லாம் பெங்களூரில் வேலை முடித்துத் திரும்புகிறவர்கள். பக்கத்தில் நின்ற பெண் ஒரு துணிக்கடையில் விற்பனை வேலை பார்க்கிறாராம். "காத்தால அஞ்சு மணிக்கு முன்னாடியே கெளம்பணும்ணா. வூட்டுக்கு வந்து சேர ராத்திரி ஒம்போது ஆவும். எங்க ஊர்ல பாதிப் பேரு ரயில்லதான் குடித்தனம் பண்றோம்" என்றார் சிரித்துக்கொண்டே. அவருடைய அப்பா, தாத்தா, தாத்தாவின் அப்பா மூன்று பேரும் பூமிக்குள் இறங்கியவர்கள். இவர் பெங்களூருக்கு ஏறுகிறார். போக வர 200 கிலோமீட்டர்.

வாசகர் கேள்விக்கு முதல் பதில் அந்த வண்டியிலேயே கிடைத்துவிட்டது. சுரங்கம் மூடிய ஊரில் ஜனம் மிச்சம் இருக்கிறது. வேலை மட்டும் நூறு கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது.

வண்டி மண்ணைக் கழுவிக் காட்டிய ஊர்

1802-ல் மைசூர் சமஸ்தானத்தின் எல்லையை அளக்க வந்தார் ஜான் வாரன் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி. இந்தப் பக்கம் மண்ணில் தங்கம் கிடைக்கிறது என்று கேள்விப்பட்டு, காட்டுகிறவர்களுக்குப் பரிசு தருவதாகச் சொன்னார். ஊர்க்காரர்கள் மாட்டு வண்டியில் மண்ணை ஏற்றி வந்து, அவர் கண்ணெதிரிலேயே தண்ணீரில் கழுவிப் பொடித் தங்கத்தை எடுத்துக் காட்டினார்கள். மாரிக்குப்பம் பக்கம் எளிய ஜனங்கள் கையால் குழி வெட்டிக் கல்லெடுத்து, உடைத்து, கழுவித் தங்கம் எடுப்பதையும் அவர் பார்த்து எழுதி வைத்தார். வெள்ளைக்காரன் வந்து கண்டுபிடித்த தங்கம் இல்லை. நம் ஆட்கள் காட்டிக் கொடுத்த தங்கம்.

அவர் எழுதியதை 70 வருஷம் கழித்துப் படித்தார் லாவெல் என்ற அயர்லாந்துக்காரர். பட்டாளத்தில் இருந்துவிட்டு பெங்களூரில் குடியேறியவர். 1870-களில் மைசூர் அரசிடம் தோண்டும் உரிமையை வாங்கினார். ஆனால், கையில் போதிய முதல் இல்லை. உரிமை கைமாறியது. 1880-ல் லண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் கம்பெனி இறங்கியது. அதற்குப் பிறகுதான் சுரங்கம் பெருந்தொழில் ஆனது.

ஆள் எங்கிருந்து வந்தது? அந்தக் காலக்கணக்கைப் பாருங்கள். 1876 முதல் 1878 வரை தென்னாட்டைப் புரட்டிப் போட்ட தாது வருஷப் பஞ்சம். வட ஆற்காடு, சேலம் ஜில்லாக்களில் ஏரி வற்றி, மாடு செத்து, கூலிக்கு வழியில்லாத ஜனம். நிலம் இல்லாதவர்கள், பண்ணையில் அடிமைபோல் உழைத்தவர்கள், அதிலும் ஒடுக்கப்பட்ட சாதி மக்கள்தான் பெரும்பகுதி. மேஸ்திரிகள் கிராமம் கிராமமாகப் போய் ஆள் சேர்த்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முப்பதாயிரம் பேர் வரை அங்கே வேலை செய்தார்கள். ஏர் பிடித்த கை, உளியும் சுத்தியும் பிடித்தது.

மேலே லைன் வீடு, கீழே கொதிக்கிற பாறை

ஓய்வுபெற்ற தொழிலாளி ஒருவர் என்னைச் சாம்பியன் ரீஃப் பக்கம் கூட்டிப்போனார். எழுபது வயதைத் தாண்டியவர். இப்போதும் நடையில் நம்மை முந்துகிறார். வரிசை வரிசையாக ஒட்டினாற்போல் சின்னச் சின்ன வீடுகள். இவற்றுக்கு 'லைன்' என்று பேர். ஆதியில் மூங்கில் தட்டியால் கட்டிய குடிசைகளாக இருந்தவை. ஓர் அறை, ஒரு சமையல் மூலை. அதில் எட்டுப் பேர் இருந்ததும் உண்டு. கொஞ்ச தூரத்திலேயே அதிகாரிகள் இருந்த பங்களாக்கள், கிளப்பு, கோல்ஃப் மைதானம். தங்கவயலை 'குட்டி இங்கிலாந்து' என்று எழுதுகிறவர்கள் பார்த்தது அந்தப் பங்களாப் பக்கத்தை.

"நீங்க கெணறு வெட்டுவீங்க. எவ்ளோ ஆழம் போவீங்க தம்பி?" என்று கேட்டார்.

"எங்க பக்கம் போர்தான் ஐயா. முந்நூறு, நானூறு அடி போவோம்."

"நாங்க பத்தாயிரம் அடிக்கு மேல போனவங்க" என்றார்.

மிகைப்படுத்தவில்லை. சாம்பியன் ரீஃப் சுரங்கம் தரையிலிருந்து 3 கிலோமீட்டருக்கு மேல் ஆழம். உலகத்திலேயே ஆழமான சுரங்கங்களில் ஒன்றாக இருந்தது. 'கேஜ்' என்று சொல்லும் இரும்புக் கூண்டில் இறங்க வேண்டும். ஒரே கயிற்றில் அவ்வளவு ஆழம் இறங்க முடியாது என்பதால் ஒரு கூண்டில் இறங்கி, உள்ளே நடந்து, இன்னொரு கூண்டு பிடித்து இறங்குவார்கள். அடித்தளத்தில் பாறைச் சூடு 60 டிகிரிக்கு மேல். மேலிருந்து குளிர்ந்த காற்றைத் தள்ளினால்தான் மனிதன் நிற்க முடியும். அவ்வளவு ஆழத்தில் மேலிருக்கும் மலையின் பாரம் தாங்காமல் பாறை திடீரென்று வெடித்துச் சிதறும். 'ராக் பர்ஸ்ட்' என்பார்கள். மேலே லைன் வீட்டில் பானை குலுங்கும். குலுங்கியதும் பெண்கள் சாஃப்ட் வாசலுக்கு ஓடுவார்களாம். கூண்டு மேலே வரும்வரை யார் வீட்டு ஆள் என்று தெரியாது.

அதைவிடப் பெரிய எமன் தூசி. பாறையைத் துளைக்கும்போது பறக்கிற கண்ணுக்குத் தெரியாத கல் தூள் நுரையீரலில் படிந்து இறுகிவிடும். சிலிக்கோசிஸ் என்பது நோயின் பேர். 1940-க்கும் 1946-க்கும் இடையில் தங்கவயலில் 7,653 தொழிலாளிகளைப் பரிசோதித்தார்கள். நூற்றுக்கு 43 பேருக்கு மேல் அந்த நோய் இருந்தது. இந்தியாவில் இந்த நோயைப் பற்றிப் படிக்கும் மருத்துவ மாணவர்கள் இன்றும் படிப்பது இந்தக் கணக்கைத்தான்.

வேலை முடிந்து மேலே வந்தால் உடம்பு முழுக்கச் சோதனை. தங்கக் கல்லை ஒளித்து எடுத்து வருகிறானா என்று. சுமார் 120 வருஷத்தில் 800 டன் தங்கம் எடுத்த ஊர் இது. எடுத்தவர்கள் வீட்டில் குந்துமணித் தங்கம் இருந்தால் அது சேட்டுக் கடையில் காசு கொடுத்து வாங்கியதாகத்தான் இருக்கும்.

'ரேகை வைக்க மாட்டோம்'

இதையெல்லாம் கேட்டு நான் பாவப்படுவதைப் பெரியவர் கவனித்துவிட்டார். "ஐயோ பாவம்னு எழுதிடாதீங்க தம்பி. நாங்க அப்டி வாழல" என்றார். பிறகு அவர் சொன்னதும், புத்தகங்களில் பதிவாகி இருப்பதும் சேர்ந்துதான் இந்த ஊரின் உண்மையான வரலாறு.

1930-ல் கம்பெனி ஒரு புது நடைமுறை கொண்டு வந்தது. ஒவ்வொரு தொழிலாளியும் கைரேகை பதிய வேண்டும். ஒரு சுரங்கத்தில் தள்ளப்பட்டவன் இன்னொரு சுரங்கத்தில் வேலைக்குச் சேர்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ள இந்தப் பதிவு உதவும். கிராமத்திலிருந்து வந்த ஜனத்துக்கு ரேகை என்றால் என்ன என்று தெரியாதா? வட்டிக்காரன் பத்திரத்தில் வைத்த ரேகையால் காடு கழனி போனதை நம் ஊர்களில் எத்தனையோ குடும்பம் பார்த்திருக்கிறது. குற்றவாளியிடம் வாங்குவதை உழைப்பாளியிடம் கேட்கிறாயா என்று மொத்த சுரங்கமும் வேலையை நிறுத்தியது. பெரிய சங்கமும் கிடையாது, பேர் பெற்ற தலைவரும் கிடையாது. மூன்று வாரம் கூண்டு இறங்கவில்லை. 1946-லும் பெரிய போராட்டம் நடந்தது. அந்த நவம்பரில் போலீஸ் சுட்டதில் ஆறு தொழிலாளிகள் இறந்தார்கள். அவர்களுக்கு இன்றும் தங்கவயலில் வருஷா வருஷம் அஞ்சலி நடக்கிறது.

படிப்பு விஷயமும் அப்படித்தான். அயோத்திதாசப் பண்டிதர் 1907-ல் சென்னையில் தொடங்கிய 'தமிழன்' பத்திரிகைக்கும், அவர் பரப்பிய பௌத்த சங்கங்களுக்கும் கை கொடுத்த ஊர்களில் முக்கியமானது தங்கவயல். அவர் காலமான பிறகு நின்றுபோன அந்தப் பத்திரிகையை, 1926-ல் இங்கிருந்துதான் ஜி. அப்பாதுரையார் மறுபடியும் நடத்தினார். பண்டிதருடைய நூல்களை இங்கிருந்த சித்தார்த்தா புத்தகசாலை அச்சிட்டு வெளியிட்டது. நினைத்துப் பாருங்கள். எந்த ஊரிலிருந்து எழுத்து வாசனை இல்லாமல், தெருவில் செருப்புப் போட முடியாமல் வந்தார்களோ, அதே ஜனம் பத்தடி வீட்டில் மண்ணெண்ணெய் விளக்கை வைத்துக்கொண்டு பத்திரிகை நடத்தியிருக்கிறது. அயோத்திதாசரை இன்று பல்கலைக்கழகங்களில் படிக்கிறார்கள் என்றால், அவருடைய எழுத்து அழியாமல் இருந்ததில் இந்தச் சுரங்கத் தொழிலாளிகளின் கூலிக்காசுக்கும் பங்கு உண்டு.

விளக்கு என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. 1902-ல் காவிரியின் சிவசமுத்திரம் நீர்வீழ்ச்சியில் எடுத்த மின்சாரத்தை 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து முதலில் கொண்டுவந்தது இந்தச் சுரங்கத்துக்குத்தான். உலகத்தின் மிக நீளமான மின்பாதைகளில் ஒன்று என்று அந்தக் காலத்தில் பேசப்பட்டது. பெங்களூருக்கு அந்த மின்சாரம் வந்தது 1905-ல். "பெங்களூருக்கே நாங்கதான் அண்ணன்" என்று தங்கவயலில் சின்னப் பையன்கூடச் சொல்வான். லைன் வீடுகளுக்கு வெளிச்சம் வர இன்னும் நெடுங்காலம் ஆனது என்பது வேறு கதை.

இன்னொரு பெருமையும் உண்டு. நியூட்ரினோ என்ற துகள், பூமியையே துளைத்துக்கொண்டு போகக்கூடியது. அதைப் பிடிக்க வேண்டுமானால் மற்ற துகள்கள் எதுவும் எட்ட முடியாத ஆழத்துக்குப் போக வேண்டும். டாடா ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானிகள் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் 2 கிலோமீட்டருக்குக் கீழே கருவிகளை வைத்து, 1965-ல் காற்றுமண்டலத்தில் உண்டாகும் நியூட்ரினோக்களைப் பதிவு செய்தார்கள். ஏறக்குறைய அதே நேரத்தில் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றிலும் இது நடந்தது. உலகத்திலேயே முதல்முறையாக இந்த இரண்டு இடங்களில்தான். "அந்தக் கருவிங்க எறங்குன பாதைய வெட்டுனது நாங்க" என்றார் பெரியவர்.

கூண்டு நின்ற நாள்

ஆரம்ப காலத்தில் ஒரு டன் கல்லை உடைத்தால் 40 கிராமுக்கு மேல் தங்கம் கிடைத்தது. போகப் போகக் குறைந்து, கடைசியில் 3 கிராம் அளவுக்கு வந்தது. ஆழம் கூடக் கூடச் செலவும் கூடியது. 1956-ல் மைசூர் அரசு கம்பெனியை எடுத்துக்கொண்டது. 1962-ல் மத்திய அரசுக்குப் போனது. 1972-ல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் ஆனது. வருமானத்தைவிடச் செலவு அதிகம் என்று 2001 பிப்ரவரி 28-ம் தேதி மூடினார்கள். அன்றைக்கு வேலையில் இருந்தவர்கள் மூவாயிரத்துக்கும் மேல். அவர்களை நம்பிய கடை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாவற்றையும் சேர்த்தால் ஓர் ஊரே.

தண்ணீர் இறைக்கும் பம்புகள் நின்றன. நூறு வருஷமாகக் குடைந்த பாதைகளில் நீர் ஏறியது. சாஃப்ட் வாய்களைக் கான்கிரீட் போட்டு மூடினார்கள்.

இங்கேதான் விவசாயிகள் உன்னிப்பாகக் கவனிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது. மூடிய மறுநாள் அந்த ஜனத்துக்கு வேலை இல்லை என்பது மட்டுமில்லை. நாலு தலைமுறையாகக் குடியிருந்த லைன் வீடும் அவர்கள் பேரில் இல்லை. நிலம் சுரங்கத்துடையது, வீடு சுரங்கத்துடையது, குடிக்கிற தண்ணீர்க் குழாய்கூட சுரங்கம் போட்டது. ஊருக்குத் திரும்பலாம் என்றால் ஊரில் நிலமும் இல்லை. அவர்கள் வந்ததே நிலம் இல்லாததால்தானே? வீடுகளை அவரவர் பேருக்கு எழுதிக்கொடுப்பது பற்றிய பேச்சும் மனுவும் வழக்கும் சுரங்கம் மூடிய பிறகு வருஷக்கணக்கில் ஓடின.

"தாத்தா காலத்துல ஒரு அரை ஏக்கர் வாங்கிப் போட்டவங்க தப்பிச்சாங்க. நாங்க தங்கத்துமேல ஒக்காந்திருக்கோம், எதுக்கு நெலம்னு இருந்துட்டோம்" என்றார் பெரியவர்.

வெள்ளை மேடுகளும் கேழ்வரகுக் கொல்லையும்

தங்கவயலில் இறங்கியதும் கண்ணில் படுவது அந்த மேடுகள்தான். மலை மாதிரி, ஆனால் மரம் செடி இல்லாமல், சாம்பலும் வெளுப்பும் கலந்த நிறத்தில். தூளாக அரைத்த கல்லை சயனைடு கரைசலில் ஊற வைத்துத் தங்கத்தைப் பிரித்த பிறகு கொட்டிய கழிவு. ஊர்க்காரர்களுக்கு அது 'சயனைடு மேடு'. மொத்தம் 13 மேடுகள். மூன்று கோடி டன்னுக்கு மேல் கழிவு. சினிமாக்காரர்கள் பாட்டு எடுக்க வருகிறார்கள்.

மேட்டை ஒட்டி ஒரு கேழ்வரகுக் கொல்லையைப் பார்த்தேன். பயிர் சுமாராகத்தான் இருந்தது. கொல்லைக்காரர் கன்னடமும் தெலுங்கும் தமிழும் கலந்து பேசினார். காற்று மாதங்களில் மேட்டுத் தூள் பறந்து இலை மேல் படிந்துவிடுகிறதாம். மழை பெய்தால் ஓடையில் கரைந்து வருகிறதாம். "சுரங்கத்துல எங்க வூட்டு ஆளு யாரும் வேலை பாக்கல. சம்பளம் வாங்கல. தூசி மட்டும் எங்க பங்குக்கு வந்துச்சு" என்றார். வாசகர்களே, இதை மனதில் குறித்துக்கொள்ளுங்கள். சுரங்கம் என்பது அதன் வேலிக்குள் முடிகிற விஷயம் இல்லை.

அந்த மேடுகளிலும் இன்னும் கொஞ்சம் தங்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதை எடுக்கும் யோசனைக்கு 2024-ல் கர்நாடக அரசு ஒப்புதல் கொடுத்தது. வேலை வரும் என்று சிலருக்கு நம்பிக்கை. தூசிதான் வரும் என்று சிலருக்குப் பயம்.

தண்ணீரையும் சொல்ல வேண்டும். சுரங்கத்துக்கும் ஊருக்கும் தண்ணீர் கொடுத்தது பேத்தமங்கலம் ஏரி. அது பாலாற்றின் மேல் இருக்கிற ஏரி. ரயிலில் வரும்போது மணலாகப் பார்த்தோமே, அதே பாலாறு. மேலே ஒரு தொழில் தண்ணீர் எடுத்தால் கீழே இருக்கிற உழவனுக்கும் அதில் சம்பந்தம் உண்டு.

சரி, என்ன மிச்சம்?

இரண்டு நாள் சுற்றியதில் நான் புரிந்துகொண்டது இதுதான். கம்பெனி கட்டியதில் பெரும்பகுதி பாழாகிக் கிடக்கிறது. ஜனங்கள் தாங்களாகக் கட்டியது நிற்கிறது. ரேகை வைக்காத கதை நிற்கிறது. அவர்கள் அச்சடித்த புத்தகங்கள் நிற்கின்றன. கோயில், சர்ச், புத்த விகார் மூன்றிலும் திருவிழா நடக்கிறது. வெளியூர் போன பிள்ளைகள் அதற்கு வந்து சேர்கிறார்கள். அதிகாலை ரயிலில் தொங்கிக்கொண்டு போனாலும் ராத்திரி திரும்பி வந்து படுப்பது தங்கவயலில்தான். பெங்களூரிலேயே வாடகைக்கு இருந்துவிடலாமே என்று அந்தத் துணிக்கடைப் பெண்ணிடம் கேட்டதற்கு, "எங்க ஊரு இதுதானேண்ணா" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

ஆனால், பெருமையை அடகு வைத்து அரிசி வாங்க முடியாது. அந்தப் பெருமைக்குக் கீழே ஒரு துண்டு நிலம், ஒரு பட்டா இருந்திருந்தால் அவர்கள் நிலைமையே வேறு. அவர்களிடம் உழைப்பு இருந்தது, ஒற்றுமை இருந்தது, படிப்பு இருந்தது. காலுக்குக் கீழே மண் மட்டும் அவர்கள் பேரில் இல்லை.

கேள்வி கேட்ட வாசகருக்கு அவருடைய ஊரிலிருந்தே ஓர் உதாரணம் சொல்கிறேன். 2004 டிசம்பர் 26 சுனாமியன்று நல்லவாட்டில் என்ன நடந்தது? சிங்கப்பூரில் இருந்த ஊர்க்காரர் ஒருவர் டிவியில் செய்தி பார்த்துப் போன் செய்தார். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் உதவியோடு ஊரில் நடந்துவந்த கிராம அறிவு மையத்தின் ஒலிபெருக்கியில் உடனே அறிவித்தார்கள். ஜனம் கரையை விட்டு ஓடித் தப்பியது. மீன்பாடும் அலை உயரமும் சொல்வதற்காக வைத்த ஒலிபெருக்கி அது. அதை நடத்தியது ஊர் ஆட்களாக இருந்ததால்தான் அந்த நிமிஷத்தில் யாரிடமும் அனுமதி கேட்காமல் அறிவிக்க முடிந்தது. தங்கவயல் தொழிலாளிகள் நடத்திய பத்திரிகையும் நல்லவாட்டு ஒலிபெருக்கியும் ஒரே ஜாதிச் சொத்து. ஊர் கையில் இருப்பதுதான் ஊருக்கு உதவும்.

பாகூர் பக்கம் கவனிக்க வேண்டியவை

பாகூரில் சுரங்கம் எதுவும் கிடையாது. வீணாகப் பீதி வேண்டாம். ஆனால், நிலக்கரி இருப்பது உண்மை. பிரெஞ்சு ஆட்சியில், 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பாகூர் பக்கம் ஊற்றுக் கிணற்றுக்குக் குழாய் இறக்கியபோதே பழுப்பு நிலக்கரி தட்டுப்பட்டது. புதுச்சேரிப் பகுதியில் சுமார் 41 கோடி டன் இருப்பதாக இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை கணக்கு வைத்திருக்கிறது. நெய்வேலியிலும் கதை கிணற்றில்தான் ஆரம்பித்தது. 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் கிணறு வெட்டியபோது கறுப்பாக ஒன்று தண்ணீரோடு வந்தது. 1956-ல் நிறுவனம் பதிவானது. 1957-ல் பிரதமர் நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். கிணற்றுக்கும் சுரங்கத்துக்கும் இடையில் சுமார் இருபது வருஷம்தான். 2023-ல் சேத்தியாத்தோப்பு உள்ளிட்ட டெல்டாப் பகுதிகள் நிலக்கரி ஏலப் பட்டியலில் வந்து, விவசாயிகளின் எதிர்ப்புக்குப் பிறகு நீக்கப்பட்டதையும் நாம் பார்த்தோம். ஆகவே, சில விஷயங்களை இப்போதே சரிசெய்து வைத்துக்கொள்வது நல்லது.

ஒன்று, பத்திரம். தாத்தா பேரிலேயே கிடக்கும் நிலங்கள் நம் பக்கம் ஏராளம். பாகப் பிரிவினை செய்து, பட்டாவையும் செட்டில்மென்ட் நகலையும் அவரவர் பேருக்கு மாற்றுங்கள். சுரங்கம் வருகிறதோ இல்லையோ, வங்கிக் கடனுக்கும் பயிர் இழப்பு நிவாரணத்துக்கும் இது தேவை.

இரண்டு, குத்தகைதாரரும் கூலியாளும். 2013-ம் வருஷத்து நிலம் எடுப்புச் சட்டத்தில், பாதிக்கப்படும் குடும்பம் என்றால் நிலக்காரர் மட்டும் இல்லை. நிலம் எடுப்பதற்கு முந்தைய மூன்று வருஷமாக அந்த நிலத்தை நம்பிப் பிழைத்த குத்தகைதாரரும் விவசாயக் கூலியும் அதில் அடக்கம். ஆனால், அதை நிரூபிக்க ஏதாவது ஒரு தாள் வேண்டும். வாய்ப்பேச்சுக் குத்தகையை எழுத்தில் கொண்டுவாருங்கள்.

மூன்று, எந்தச் சட்டம் என்று கேளுங்கள். நிலக்கரி நிலங்களுக்கென்றே 1957-ல் ஒரு தனிச் சட்டம் உண்டு. நோட்டீஸ் வந்தால் அது எந்தச் சட்டத்தின் கீழ் வருகிறது, ஆட்சேபம் சொல்ல எத்தனை நாள் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

நான்கு, தண்ணீர். நெய்வேலியில் நிலக்கரிப் படுகைக்குக் கீழே ஊற்று நீர் பெரும் அழுத்தத்தோடு இருக்கிறது. இரவு பகலாக அதை இறைத்தால்தான் நிலக்கரி வெட்ட முடியும். அப்படி இறைத்தால் சுற்றுவட்டார போர்களின் கதி என்ன என்பதே முதல் கேள்வி. கடலோரத்தில் இருக்கிற நமக்கு உப்புநீர் உள்ளே வருகிற ஆபத்தும் சேர்ந்துகொள்கிறது. இன்றைக்கு உங்கள் கிணற்று நீர்மட்டம் எவ்வளவு, உப்பு எவ்வளவு என்று ஒரு நோட்டில் வருஷம் இரண்டு முறை எழுதி வையுங்கள். நாளைக்கு ஒரு கமிட்டி முன் நிற்கும்போது அந்த நோட்டு பேசும்.

ஐந்து, மூடும் திட்டம். தங்கவயல் மூடப்பட்டதற்குச் சில வருஷம் கழித்துத்தான், சுரங்கத்தை எப்படி மூடுவோம், நிலத்தை எப்படிச் சீர்படுத்துவோம் என்று திறக்கும்போதே எழுதிக்கொடுத்து, அதற்குப் பணமும் கட்ட வேண்டும் என்ற விதிகள் வந்தன. நிலக்கரிச் சுரங்கங்களுக்கான வழிகாட்டுதல் 2009-ல் வந்தது. எந்தச் சுரங்கக்காரர் வந்தாலும் வேலை எத்தனை பேருக்கு என்று கேட்பதோடு நிறுத்தாமல், போகும்போது எப்படி விட்டுவிட்டுப் போவீர்கள் என்றும் கேட்க வேண்டும்.

கிளம்பும்போது பெரியவர் ரயிலடி வரை வந்தார். பாகூர் பக்கம் நெல் விளையுமா என்று விசாரித்தார். ஏரிப் பாசனம், மூன்று போகம்கூட எடுத்தவர்கள் இருக்கிறார்கள் என்றேன். அப்புறம் அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். நல்லவாடு வாசகருக்கு என்னைவிட நல்ல பதில் அவருடையது.

"பூமிக்கு அடியில இருக்கறது ஒரு தடவ எடுத்தா தீந்துது தம்பி. மேல இருக்கறது வருஷா வருஷம் வரும். எங்களுக்கு அந்த மேல்பாகம் கெடைக்கல. ஒங்களுக்கு இருக்குது, பத்திரமா வச்சிக்கோங்க."